பெற்றோலா, மின்சாரமா? 1900ஆம் ஆண்டின் வினா



மோட்டார்க் கார் வாங்க எண்ணும் குடும்பத்தவர் இந்நாளில் முதன்முதற் கேட்கும் வினா, பெற்றோலில் ஓடும் சிறிய கார் நன்றோ, மின்சாரத்தில் ஓடுவது நன்றோ என்பதாகும். தனியார் வாகனங்களின் இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், இவ்வினா கடைத்தெருவிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் கலியாணப் பந்தலிலும் ஒலிக்கக் கேட்கின்றோம். கேட்போரிற் பலர் இதனைப் புத்தம் புதிய வினாவெனக் கருதுகின்றனர். வரலாறு படித்தவனுக்கோ இது நூற்றிருபத்தைந்து ஆண்டுப் பழைமை வாய்ந்தது. முன்னொரு முறை இது கேட்கப்பட்டு, விடையும் பெறப்பட்டு, அவ்விடையின்படியே ஒரு நூற்றாண்டு உலகம் ஓடிற்று. அந்த விடை எவ்வாறு பெறப்பட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஐக்கிய அமெரிக்காவின் 1900ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு, அந்நாட்டில் ஓராண்டிற் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளின் தொகையை 4,192 எனக் கூறுகின்றது. அவற்றுள் நீராவியால் ஓடுவன 1,681. மின்சாரத்தால் ஓடுவன 1,575. பெற்றோலால் ஓடுவன 936 மட்டுமே. மூன்றாம் இடத்தில் நின்ற பிள்ளையே பின்னர் பந்தயத்தை வென்றது என்பதை மனத்திற் கொள்ளுங்கள். நீராவி வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொதிகலத்தில் நீர் கொதித்து ஆவி திரளும் வரை காத்திருக்க நேர்ந்தமையால் அது விரைவிற் பின்தங்கிற்று. உண்மையான போட்டி மற்றை இரண்டுக்கும் இடையிலேயே நிகழ்ந்தது.

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஈயப் பற்றறியை 1859இல் பிரான்சு நாட்டுக் காஸ்தோன் பிளான்தே ஆக்கினார். ஜெர்மனியிற் கார்ல் பென்ஸ் தமது பெற்றோல் வண்டிக்கு 1886இல் ஆக்கவுரிமை பெற்றார். இரண்டாண்டுகளின் பின், 1888 ஓகஸ்டில், அவர் மனைவி பேர்த்தா பென்ஸ் தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை அவ்வண்டியிற் கடந்தார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்கென விற்கப்பட்ட எண்ணெயை வாங்கி ஊற்றி மேலே சென்றார் அவ்வம்மையார். அக்காலத்திற் பெற்றோல் என்பது மண்ணெண்ணெய் வடிக்கும்போது மிஞ்சும் ஒரு வேண்டாப் பொருள். எனினும் அது போத்தலில் அடைபட்டது. ஒரு சிற்றூர்க் கடைத்தட்டிலும் இருந்தது. இச்சிறு செய்தியை மறவாதிருங்கள்; பின்னர் இதற்குப் பயனுண்டு.

இனி 1900ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் வசதியுள்ள ஒருவர் வண்டி வாங்கப் புறப்பட்டார் எனக் கொள்வோம். பெற்றோல் வண்டியை இயக்க வேண்டுமாயின், இரும்புக் கைப்பிடி ஒன்றை அதன் முன்புறத்திற் செருகி முழுப் பலத்தோடும் சுழற்றல் வேண்டும். இயந்திரம் சில வேளைகளில் எதிர்ப்புறமாக உதைக்கும். அப்போது சுழற்றியவரின் மணிக்கட்டு முறிவதும் உண்டு. கியர் மாற்றுவது தனியொரு வித்தை. புகையும் நாற்றமும் இரைச்சலும் உடன்பிறந்தவை. வீதியிற் குதிரைகள் வெருளும். மின்சார வண்டியிலோ இவற்றுள் ஒன்றுமில்லை. ஏறியமர்ந்து ஒரு நெம்பைத் தள்ளினால் அது ஓசையின்றி நகரும். வேகத்திலும் அது தாழ்ந்ததன்று. 1899 ஏப்ரலில், பரிஸ் நகருக்கு அருகே, பெல்ஜிய நாட்டவரான கமில் ஜெனாட்சி என்பார் மின்சார வண்டியொன்றில் மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை எய்தினார். நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டிய முதலாவது மோட்டார் வண்டி அதுவே. ‘ஒருபோதும் திருப்தியுறாதவள்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை அவர் அதற்குச் சூட்டியிருந்தார்.

ஆகவே, அறிவுள்ளோர் பலர் மின்சாரத்தின் பக்கம் நின்றதில் வியப்பில்லை. நியூயோர்க் நகரில் 1897இல் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றை நடத்திய கம்பனி மிகக் கெட்டித்தனமான ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தது. வண்டி நிலையத்துக்குத் திரும்பியதும், அரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரமுள்ள பற்றறிப் பெட்டியைப் பொறிகளின் துணையால் வெளியே இழுத்து, மின்னேற்றிய வேறொரு பெட்டியைச் சில நிமிடங்களில் உள்ளே வைத்துவிடுவர். இன்று சீனாவிலே பற்றறி மாற்றும் நிலையங்களைக் கண்டு வியக்கின்றோம், கருத்து பழையதே. அவ்வண்டிகளின் பெயர் வேறு வகையிலும் வரலாற்றில் ஏறிற்று. 1899 மே மாதத்தில், மணிக்கு 12 மைல் வேகத்தில் ஓட்டிய குற்றத்துக்காக ஜேக்கப் ஜெர்மன் என்னும் சாரதி கைதானார். அமெரிக்காவில் மிகை வேகத்துக்காகக் கைதான முதலாவது மோட்டார்ச் சாரதி அவரே. அவர் ஓட்டியது மின்சார வாடகை வண்டி!

இந்தக் கம்பனி பின்னர் பெருஞ் செல்வர்களின் கைக்கு மாறியது. நகரந்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகளை ஓட்டுவோம் என அவர்கள் பறைசாற்றினர். ஆனால் ஈயப் பற்றறியின் பாரத்தை அக்காலத்து ரயர்கள் நெடுநாள் தாங்கவில்லை. பற்றறிகளைப் பராமரிக்கத் தேர்ந்த ஆட்களும் போதவில்லை. 1907இல் கம்பனி முறிந்தது. மின்சார வண்டி என்றாலே பணத்தை விழுங்கும் பூதம் என்ற பேச்சு அதற்கு முன்பே ஊரெங்கும் பரவிவிட்டது. ஒரு கருவி தானாகத் தோற்பது வேறு. அதனைக் கையாண்டோரின் பேராசையால் அவப்பெயர் எய்துவது வேறு. இங்கே இரண்டும் கலந்திருந்தன என்பது என் எண்ணம்.

எனினும் முடிவைத் தீர்மானித்த காரணம் நகரத்துக்கு வெளியே இருந்தது. மோட்டார் வண்டி வாங்கியவன் அதனை வெறுமனே கடைக்கும் கந்தோருக்கும் செல்வதற்கென வாங்கவில்லை. அதற்குத் தெருவில் ட்ராம் வண்டி இருந்தது. புகைவண்டி செல்லாத இடத்துக்குத் தன் விருப்பப்படி செல்லல் வேண்டும் என்பதே அவன் ஆசை. 1901ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், றோய் சாப்பின் என்னும் இளைஞர் ஓல்ட்ஸ்மோபில் என்னும் சிறிய பெற்றோல் வண்டியை டெட்ரோயிட்டிலிருந்து நியூயோர்க் வரை ஓட்டிச் சென்றார். தூரம் 800 மைலுக்கு மேல். சேற்று வழிகளிற் புதைந்தும், கால்வாய்க் கரையிற் கோவேறு கழுதைகள் படகு இழுக்கும் பாதையிற் புகுந்தும், ஏறக்குறைய ஏழரை நாளில் அவர் போய்ச் சேர்ந்தார். அவ்வண்டியின் விலை 650 டொலர். மின்சார வண்டியில் அவ்வாறு செல்வதற்கு, ஒவ்வொரு ஐம்பது மைலுக்கும் ஒரு மின்னேற்றும் இடம் இருந்திருத்தல் வேண்டும், இருக்கவில்லை. அமெரிக்க நாட்டுப்புறத்துக்கு மின்சாரம் மிகப் பிந்தியே சென்றது. 1930களின் தொடக்கத்திற்கூட அந்நாட்டின் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. நகரங்களிலும் சிக்கல் உண்டு: பற்றறிக்கு நேரோட்டம் வேண்டும், வீடுகளுக்குப் பரவி வந்ததோ ஆடலோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவியைத் தனியே விலைகொடுத்து வாங்கல் வேண்டும். பெற்றோலோ நாட்டுப்புறப் பலசரக்குக் கடையிலும் தகரத்திற் கிடைத்தது. முன்னர் சொன்ன மருந்துக்கடையை இப்போது நினைத்துப் பாருங்கள்.

எரிபொருளைக் கையிற் கொண்டு செல்லல் என்பது எவ்வளவு பெரிய வலிமை என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டார் எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990இன் பின் அங்கே மின்சாரமும் இல்லை, பெற்றோலும் வர வழியில்லை. அப்போது மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சாரதியிடம் சிறு போத்தலிற் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். காபுரேற்றரிற் சில துளிகளை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்த பின் மண்ணெண்ணெயை ஊட்டுவர். பின்னாற் செல்பவர் கண்ணெரிய வேண்டியதுதான். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றினோம். இயந்திரத்தின் நயத்தைக் காட்டிலும், அதற்கு உணவு எங்கிருந்து வருகின்றது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் என்பதை அக்காலம் எங்களுக்குக் கற்பித்தது. அமெரிக்கப் பண்ணையாரும் தம் அளவில் இதனையே கண்டுகொண்டார்.

மின்சார வண்டியைச் செய்தோர் என்ன செய்தனர்? நாட்டுப்புறத்தை விட்டுவிட்டு, நகரத்துச் சீமாட்டிகளை நாடினர். 1907 முதல் டெட்ரோயிட் இலெக்ட்ரிக் என்னும் பெயரோடு வெளிவந்த வண்டிகள், கண்ணாடிச் சாளரமும் மெத்தை ஆசனமும் கொண்ட சிறு வரவேற்பறைகள் போன்றன. ஒரு முறை மின்னேற்றினால் எண்பது மைல் ஓடும் என விளம்பரம் கூறிற்று. ஒரு சோதனையில் 211 மைல் ஓடியதும் உண்டு. மணிக்கு இருபது, இருபத்தைந்து மைல் வேகம். பெற்றோல் இயந்திரத்தைக் கையாற் சுழற்ற வேண்டியிராத அவ்வண்டியை மகளிர் விரும்பினர். அழைப்பு வந்த மறுகணமே புறப்பட வேண்டிய நகர வைத்தியர்களும் விரும்பினர். ஆனால் ‘பெண்களின் வண்டி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் ஆண்மக்கள் அதனைத் தொட நாணினர். அழுக்கும் ஆபத்தும் நிறைந்த வண்டியே ஆண்மைக்கு அடையாளமாயிற்று. விந்தை என்னவெனில், ஹென்றி போர்டின் மனைவி கிளாரா அம்மையார் தம் கணவரின் தொழிற்சாலை வண்டியை விட்டு டெட்ரோயிட் இலெக்ட்ரிக் வண்டியையே ஓட்டி வந்தார். அவர் பாவித்த 1914ஆம் ஆண்டு வண்டி டியர்போர்ன் நகரில் ஹென்றி போர்ட் நூதனசாலையின் சேகரிப்பில் உள்ளது.

ஹென்றி போர்ட் என்றதும் இன்னுமொன்று சொல்லத் தோன்றுகின்றது. அவர் முன்னர் டெட்ரோயிட் நகரின் எடிசன் மின்விளக்குக் கம்பனியிலே தலைமைப் பொறியியலாளராகப் பணியாற்றியவர். மின்சாரத்தை நன்கறிந்தவரே பெற்றோலைத் தேர்ந்தார்! 1908 ஒக்ரோபரில் அவர் வெளியிட்ட ‘ரி’ மாதிரி வண்டியின் விலை 850 டொலர். 1913இல், நகர்ந்து செல்லும் பொருத்து வரிசையைத் தொழிற்சாலையில் அமைத்தார். விலை ஆண்டுதோறும் இறங்கிற்று. 1925இல் அவ்வண்டியின் மலிவான வகை 260 டொலருக்குக் கிடைத்தது. 1912இல் மின்சார வண்டியொன்றின் விலை 1,750 டொலராகவும் பெற்றோல் வண்டியின் விலை 650 டொலராகவும் இருந்தன. மூன்றில் ஒரு பங்குப் பணத்துக்கு ஊரெல்லாம் சுற்றும் வண்டி கிடைக்கும்போது, ஓசையின்மைக்காக எத்தனை பேர் மூன்று மடங்கு கொடுப்பர்?

எரிபொருளும் மலிந்து வந்தது. 1901 ஜனவரியில் தெக்சாசு மாநிலத்தின் ஸ்பிண்டில்டொப் மேட்டில் எண்ணெய் வானளாவப் பீறிட்டது. 1913இல் வில்லியம் பேர்ட்டன் என்பார், கனத்த எண்ணெயை வெப்பத்தாற் சிதைத்து அதிலிருந்து கூடிய அளவு பெற்றோலைப் பெறும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். வீடுகளில் மின்விளக்கு ஏறியமையால் மண்ணெண்ணெய் விளக்கு ஒதுங்கிக்கொண்டிருந்த காலம் அது. விளக்கை இழந்த எண்ணெய் வணிகர்களுக்கு மோட்டார் வண்டி புதிய வாடிக்கையாளனாயிற்று.

பெற்றோல் வண்டியின் பெருங்குறை ஒன்றே எஞ்சியிருந்தது: அந்தக் கைப்பிடி. அதனை நீக்கியவர் சாள்ஸ் கெற்றரிங். 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டிகளில் அவர் ஆக்கிய மின்சார ஸ்டாட்டர் பொருத்தப்பட்டு வந்தது. சிறு பற்றறி ஒன்றும் சிறு மின்மோட்டார் ஒன்றும் சேர்ந்து இயந்திரத்தைச் சுழற்றிவிடும். இயந்திரம் ஓடும்போது அப்பற்றறி மீண்டும் மின்னேறும். மின்சார வண்டியின் மிகச் சிறந்த குணத்தைப் பெற்றோல் வண்டி கடன் வாங்கிக்கொண்டது. கடன் கொடுத்தவனையே அதன் பின் வீழ்த்திற்று. மோட்டார் வரலாற்றில் இதனிலும் பெரிய முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தோமஸ் எடிசன் எளிதில் விடவில்லை. இரும்பும் நிக்கலும் கொண்ட புதுப் பற்றறியை அவர் 1901 முதல் விளம்பரப்படுத்தினார். முதலில் விற்றவை ஒழுகத் தொடங்கியமையால் உற்பத்தியை நிறுத்தி, ஆண்டுக்கணக்கிற் பாடுபட்டு 1909இல் திருத்திய பற்றறியை வெளியிட்டார். அது நீடித்து உழைத்தது, விலைதான் மிகுதி. 1914இல் எடிசனும் போர்டும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் ஒன்றைச் செய்யப்போவதாகப் பத்திரிகைகளில் அறிவித்தனர். சோதனை வண்டிகள் சில செய்யப்பட்டன. அத்தோடு அம்முயற்சி கைவிடப்பட்டது. டெட்ரோயிட் இலெக்ட்ரிக் வண்டிகள் மட்டும், ஆண்டுக்கு ஒரு சில என, 1939 வரை பெயரளவில் வெளிவந்துகொண்டிருந்தன.

ஆயினும் மின்சார வண்டி முற்றாக அழிந்ததெனக் கூறுவது பிழை. குறித்த தெருக்களிற் குறித்த நேரத்திற் சென்று இரவில் ஒரே கொட்டகைக்குத் திரும்பும் வண்டிக்கு அது வெகு பொருத்தம். பிரித்தானியாவில் விடியற்காலையிற் பால் கொண்டு சென்ற மின்சார வண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓடின. இன்னும் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் உண்டு. 1910 முதல் 1924 வரை அந்நகரின் மின்விளக்குக் கம்பனி ஒரு திட்டத்தை நடத்திற்று. வணிகர் பாரவண்டியைப் பற்றறியின்றி வாங்குவார், பற்றறி கம்பனியினுடையது. மாதந்தோறும் ஒரு தொகையும், ஓடிய மைலுக்கு ஒரு தொகையும் செலுத்தினாற் போதும். மின்னிறங்கிய பற்றறியைக் கம்பனி மாற்றிக் கொடுக்கும். அத்திட்டத்தின் கீழ் வண்டிகள் அறுபது லட்சம் மைலுக்கு மேல் ஓடின. பற்றறி கெடுமோ, எப்போது கெடுமோ என்ற அச்சம் வணிகருக்கு இல்லை. கெட்டால் அது மின்சாரத்தை விற்பவனின் நட்டம். நியூயோர்க் செல்வர்கள் காணத் தவறியதை ஹார்ட்போர்ட் நகரத்தார் கண்டனர்.

இப்பழங்கதை நம் வீட்டு வாயிலுக்கு வருமிடம் இதுவே. 1900இல் நாட்டுப்புறத்தாருக்கு இல்லாதிருந்த மின்சாரம் நமது கிராமங்களில் இன்று உண்டு. வீட்டுச் சுவரிலேயே மின்னேற்றலாம். நமக்குப் பெற்றோல் கடல் கடந்து வருவது. 2022இல் அதற்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். ஆனால் அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டும் இருந்தது. ஆதலின், ஒன்றில் ஆபத்து உண்டு, மற்றொன்றில் இல்லை என எவரும் நமக்கு உரைத்தல் இயலாது. கூரையிற் சூரியத் தகடு வைத்திருப்பவர், பாடசாலைக்கும் சந்தைக்கும் சென்று மாலையில் வீடு திரும்புபவராயின், மின்சாரக் காரையே வாங்கலாம் என்பேன். தொடர்மாடியிற் குடியிருந்து தம் தரிப்பிடத்துக்கு மின்கம்பி இழுக்க இயலாதவர், அல்லது மாதம் இரு முறை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நானூறு கிலோமீற்றர் ஓடுபவர், சிறிய பெற்றோல் காரை இன்னும் சில காலம் வைத்திருப்பதிற் குறையில்லை.

எஞ்சுவது பற்றறியின் கவலை. 2014, 2015ஆம் ஆண்டுகளை ஒட்டி நிசான் லீப் என்னும் மின்சாரக் கார்கள் ஆயிரக்கணக்கில் இந்நாட்டுக்கு வந்தன. அவற்றுட் பல பிறநாட்டில் முன்னரே பாவித்தவை. அக்கார்களின் பற்றறியைக் குளிர்விப்பதற்குத் தனி ஏற்பாடு இல்லாமையால், நமது வெப்பத்தில் அவை ஓடும் தூரம் ஆண்டுதோறும் குறைந்து சென்றது. புதிய பற்றறியின் விலையைக் கேட்டு மலைத்தவர்கள் பலர். இப்போது வரும் கார்கள் பெரும்பாலும் பற்றறியைக் குளிர்விக்கும் ஏற்பாட்டோடு வருகின்றன, உத்தரவாதமும் தருகின்றனர். கடன் பத்திரத்தைக் காட்டி என்னிடம் யோசனை கேட்கும் இளம் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவதெல்லாம், அவ்வுத்தரவாதத்தை எழுத்திற் பெற்று, எத்தனை ஆண்டுக்கு, எத்தனை கிலோமீற்றருக்கு, பற்றறி எவ்வளவு தேய்ந்தால் மாற்றித் தருவர், விற்பவர் கடையை மூடிவிட்டால் யார் பொறுப்பு என்னும் நான்கையும் வரி வரியாகப் படித்த பின்பே கையொப்பமிடுக என்பதுதான்.